ஊசிக் காதும் ஒரு ரத்தச் சீட்டும்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் இரண்டு வாரமாக என்னைத் துரத்திக் கொண்டிருந்தார். கவிதை எனக்கு வராது. காதலைப் பற்றியும் நட்பைப் பற்றியும் எழுத நம் துறையிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எனவே எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தையே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள் அல்லவா? அந்தப் பழமொழி எங்கள் வீட்டில் பாதி பலித்துவிட்டது. மீதிப் பாதி பலிக்காமல் தப்பியது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

என் அப்பா ஒரு டெய்லர். தி.நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில், ஒரு தையல் மிஷினும் ஒரு ஸ்டூலும் போடும் அளவுக்கு இடம். அதுதான் கடை. ஜாக்கெட் தைப்பார், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பார், காஜா எடுப்பார், கொக்கி வைப்பார். நாங்கள் குடியிருப்பது மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் வீட்டில். காலையில் அப்பா பஸ் பிடித்து தி.நகர் போவார். நான் திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி தரமணியில் இறங்குவேன். இருபத்தைந்து வருஷமாக அந்த ஒரு மிஷின்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. நான் டிப்ளமோ படிப்பதும் அந்த மிஷினால்தான்.

அப்பாவுக்குப் பதினொரு வருஷமாக சுகர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் பக்கத்து லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பார். அதற்கு அவர் தயாராகும் அழகைப் பார்க்க வேண்டுமே! டெஸ்டுக்கு நாலு நாள் முன்பே காபியில் சர்க்கரை கட். ராத்திரி சாதம் கிடையாது, கேழ்வரகுக் கஞ்சிதான். சாயந்திரம் தெப்பக்குளத்தைச் சுற்றி நாலு ரவுண்டு நடை. டெஸ்ட் முடிந்த அன்றே ஒரு பாதாம் அல்வாப் பொட்டலம் வீட்டுக்கு வந்துவிடும். ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி, "பாத்தியாடா, 118! உனக்கு மார்க் ஏறணும், எனக்கு சுகர் இறங்கணும். நான் எப்பவும் பாஸ். நீ எப்படி?" என்பார். எனக்கு அப்போது இரண்டு அரியர் இருந்தது. வாயை மூடிக் கொண்டு போய்விடுவேன்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது.

நான் முதலாண்டு படிக்கும்போது, அப்பாவுக்கு மாத்திரை எழுதித் தரும் இடத்தில் ஒரு புது டாக்டர் வந்திருந்தார். வழக்கமான மாத்திரைகளுக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். வீட்டில் ஆங்கிலம் படிப்பவன் நான் ஒருவன்தான். "என்னடா எழுதியிருக்கு?" என்று அப்பா கேட்டார். முதல் வரி ஹெச்பிஏ1சி. இரண்டாவது வரியில் 'ஃபண்டஸ்' என்று ஒரு வார்த்தை. எனக்கு இரண்டுமே தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஏதோ ரத்த டெஸ்ட் ஒண்ணு, கண்ணு டெஸ்ட் ஒண்ணுப்பா."

"ரத்தம்தான் இப்பத்தானே குடுத்தேன். கண்ணாடி போன மாசம்தானே மாத்தினேன்?"

"ஆமா... அப்ப வேணாம்ப்பா, விடுங்க."

அந்தச் சீட்டு கரண்ட் பில், கேஸ் பில் குத்தி வைக்கும் கம்பியில் போய்ச் சேர்ந்தது. பதினாலு மாதம் அங்கேயே இருந்தது.

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு ராத்திரி. கடையில் முடியாத ஜாக்கெட்டுகளை அப்பா வீட்டுக்கு எடுத்து வந்து, தரையில் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டுக் கொண்டிருந்தார். திடீரென்று கூப்பிட்டார்.

"டேய், இங்க வா. இந்தக் கோடு நேரா இருக்கா பாரு."

"ஸ்கேல் வச்சுத்தானே போட்டீங்க? நேராத்தான் இருக்கு."

"எனக்கு நடுவுல வளைஞ்சு தெரியுதே..."

வலது கண்ணை மூடிக் கொண்டு பார்த்தால் கோடு வளைகிறது. இடது கண்ணை மூடிக் கொண்டு பார்த்தால் நேராக இருக்கிறது. நம் மெட்ராலஜி லேபில் சார் திரும்பத் திரும்பச் சொல்வது நினைவுக்கு வந்தது: பொருள் சரி, ரீடிங் தப்பு என்றால் கருவியைச் சந்தேகப்படு! இங்கே கருவி என் அப்பாவின் கண்.

விசாரித்தால் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நாலைந்து மாதமாக ஊசியில் நூல் கோக்கவே முடியவில்லையாம். பக்கத்துக் கடைப் பையனிடம் கொடுத்துக் கோத்து வாங்கியிருக்கிறார். வெள்ளெழுத்து, வயசானால் வருவதுதானே என்று எங்களிடம் சொல்லவில்லை. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "ஏங்க, நாளைக்கே டாக்டர்கிட்ட போலாங்க" என்றார். அப்பா அசையவில்லை. "கண்ணுல மருந்து விட்டா அன்னிக்குப் பூரா வேலை ஓடாது. கையில அறுபது ஜாக்கெட் இருக்கு. தீபாவளி முடியட்டும்" என்றார். சீசனில் ஒரு நாள் கடையை மூடினால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அதனால் நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். அதுவும் தப்புதான்.

தீபாவளி முடிந்த வாரம் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போனோம். 1819-ல் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே அப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரியும் வரை உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா ஒளியைப் பாய்ச்சி உள்ளே பார்த்தார். கண்ணின் உள்தளத்தை இப்படிப் பார்ப்பதற்குத்தான் ஃபண்டஸ் பரிசோதனை என்று பெயர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது வேறு, இது வேறு. எழுத்தெல்லாம் சரியாகப் படிப்பவருக்கும் உள்ளே நோய் இருக்கலாம்!

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கண்ணைப் பழைய காலத்துக் கேமரா என்று வைத்துக் கொண்டால், விழித்திரைதான் அதன் ஃபிலிம். அந்தத் திரைக்குத் தலைமுடியை விட மெல்லிய ரத்தக் குழாய்கள் உணவு கொண்டு போகின்றன. வருஷக் கணக்கில் சர்க்கரை அதிகமாக ஓடும்போது அந்தக் குழாய்களின் சுவர் பலம் இழந்துவிடுகிறது. பழைய ரப்பர் ஹோஸ் அங்கங்கே முட்டை விடுமே, அது போலப் புடைக்கிறது, கசிகிறது. பார்வையின் மையப் பகுதியான மாக்குலாவில் அந்தக் கசிவு தேங்கி வீங்கினால் நேர்கோடு வளைந்து தெரியும். சில குழாய்கள் அடைத்தே போகும். அப்போது ரத்தம் கிடைக்காத திரை, புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அவை உறுதியில்லாதவை. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டினால் பார்வையே போய்விடும். இதில் கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நீர் வடிவது கூடக் கிடையாது.

அப்பாவுக்கு இடது கண்ணில் மாக்குலா வீங்கியிருந்தது. வலது கண்ணில் நோய் ஆரம்பித்திருந்தது. மையத்துக்கு இன்னும் வரவில்லை. அன்றைக்கே அந்த ஹெச்பிஏ1சி டெஸ்டும் எடுக்கச் சொன்னார்கள். 118 காட்டி பாஸான மனுஷனுக்கு அதில் 9.4!

எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், பதினோரு வருஷமா ரத்தம் குடுத்துட்டு இருக்காரு. அதுலயே இது தெரிஞ்சிருக்காதா?" என்று கேட்டேன்.

"சந்தேகம் வந்திருக்கும் தம்பி. ஆனா நீங்க பார்த்த டெஸ்ட்ல இல்ல. அதோட ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. ரத்தம் யாருக்கு அவசரம்னு சொல்லும். யாருக்குக் கண்ணைப் பார்க்கவே வேணாம்னு அது சொல்லாது" என்றார்.

இந்த ஒரு பதில் என்னைப் பல சனிக்கிழமைகள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு இழுத்துப் போனது. அங்கே படித்துத் தெரிந்து கொண்டதை நம் பாஷையிலேயே சொல்கிறேன்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை என்பது பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிப்பு மாதிரி. நாலு நாள் கஞ்சி குடித்தால் கூட இறங்கிவிடும். ஹெச்பிஏ1சி அப்படியல்ல. அது இன்டர்னல் மார்க்! ரத்தத்தில் ஓடும் சர்க்கரை, சிவப்பு அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக் கொள்கிறது. ஒட்டினது பிரியாது. ஒரு சிவப்பு அணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். ஆகவே எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு வந்துவிடும். பாதாம் அல்வாவையும் சேர்த்து! நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தில் இந்த வகை ஹீமோகுளோபின் அதிகம் இருப்பதை 1968-ல் சாமுவேல் ரஹ்பார் என்ற ஈரானிய விஞ்ஞானி காட்டினார். ரத்த சோகை போன்ற சில நிலைகளில் மட்டும் இந்த அளவு ஏமாற்றலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த எண்ணுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? 1993-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. எல்லோரும் இன்சுலின் இல்லாமல் வாழ முடியாத முதல் வகை நீரிழிவுக்காரர்கள். ஒரு பாதிப் பேருக்கு ஹெச்பிஏ1சி 9 அளவிலும், மறு பாதிப் பேருக்கு 7 அளவிலும் இருந்தது. விழித்திரை நோய் புதிதாக வரும் வாய்ப்பு இரண்டாவது கூட்டத்தில் 76 சதவீதம் குறைந்தது.

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் சென்னையிலேயே கணக்கு இருக்கிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர், அப்போது மாநகராட்சியில் இருந்த 155 வார்டுகளில் 46 வார்டுகளைத் தேர்ந்தெடுத்து 26,001 பேரைச் சந்தித்தார்கள். அதில் நீரிழிவு இருந்தவர்களின் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். 17.6 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, விழித்திரை நோய்! ஹெச்பிஏ1சி 2 சதவீதம் கூடும் ஒவ்வொரு முறையும் ஆபத்து 1.7 மடங்கு ஆகிறது. சர்க்கரை வந்து ஒவ்வொரு ஐந்து வருஷம் கூடும்போதும் 1.89 மடங்கு ஆகிறது. சங்கர நேத்ராலயா மருத்துவமனை சென்னையில் தனியாக நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்விலும் 18 சதவீதம் என்றே வந்தது. இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒரே ரீடிங் வந்தால் அதை நம்பலாம் என்று நமக்குத் தெரியும்தானே?

அந்த 2005 கணக்கில் இன்னொரு எண் என்னை உலுக்கியது. தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல், அந்த ஆய்வின்போதுதான் முதன்முதலாகத் தெரிந்து கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களிலும் 5.1 சதவீதம் பேருக்கு அப்போதே கண்ணில் நோய் இருந்தது. ஆகவேதான் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு என்றால், கண்டுபிடித்த உடனேயே ஒருமுறை, பிறகு வருஷம் ஒருமுறை கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

வேறு ரத்த அடையாளங்கள் இல்லையா என்று தேடினேன். இருக்கின்றன. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிஸ்டாட்டின் சி இரண்டையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ரத்தம் இல்லாவிட்டாலும், சிறுநீரில் கசியும் அல்புமினும் ஒரு முக்கிய அடையாளம். சிறுநீரகத்திலும் அதே போன்ற மெல்லிய குழாய்கள்தான் என்பதால், அங்கே கசிந்தால் கண்ணிலும் கசியலாம் என்று ஊகிக்கிறார்கள். ரத்தக் கொழுப்பு, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதங்கள், புதுக் குழாய்களை முளைக்க வைக்கும் விஇஜிஎஃப் என்ற புரதம் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் இன்று வரை கண் பரிசோதனைக்குப் பதிலாக வைக்கும் அளவுக்கு எந்த ரத்த டெஸ்டும் வரவில்லை.

காரணம் என்ன? மேலே சொன்ன 1,441 பேர் ஆய்வைப் பிற்பாடு மறுபடியும் அலசியபோது, ஒருவருக்கொருவர் கண் ஆபத்தில் இருந்த வித்தியாசத்தில் சுமார் 11 சதவீதத்தைத்தான் ஹெச்பிஏ1சியும் நோயிருந்த காலமும் சேர்ந்து விளக்க முடிந்தது என்று தெரிய வந்தது. அதாவது ஒரே 9.4 உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கண் கெடலாம், இன்னொருவருக்குக் கெடாமல் இருக்கலாம். 7 உள்ளவருக்கும் வரலாம். கூட்டத்துக்கு ரத்தம் சரியாகக் கணக்குச் சொல்கிறது. ஆளுக்குச் சொல்வதில்லை. தியரியில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் பிராக்டிகலுக்கு லேபுக்கு வந்தே ஆக வேண்டும் அல்லவா? அது போலத்தான்.

நான் படித்ததிலேயே என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம் இதுதான். ரத்தத்தை வைத்துக் கண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா என்று நான் தேடிக் கொண்டிருந்தேன். உண்மையில் உலகம் கண்ணை வைத்துத்தான் ரத்தத்துக்கே கோடு போட்டிருக்கிறது! ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்று 2010-ல் அமெரிக்க நீரிழிவு சங்கமும், 2011-ல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக் கொண்டன. ஏன் 6.5? அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் விழித்திரை நோய் விறுவிறுவென்று ஏறத் தொடங்குகிறது என்று பல நாட்டு மக்களின் கண்களைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ரத்த டெஸ்டின் அளவுகோலே கண்ணில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, கண்ணைப் பார்க்காமல் ரத்தத்தை மட்டும் பார்த்துக் கொண்டிருந்தால் என்ன நியாயம்?

சரி, அப்பா கதைக்கு வருகிறேன்.

இடது கண்ணுக்குள் ஊசி மருந்து போட வேண்டும் என்றார்கள். அந்த விஇஜிஎஃப் புரதத்தை அடக்கி, கசிவைக் குறைக்கும் மருந்து. கேட்டதும் எனக்குக் காலெல்லாம் நடுங்கியது. அப்பா சிரித்தார். "இருபத்தஞ்சு வருஷமா நான் ஊசியைப் பாத்துட்டு இருந்தேன். இப்ப ஊசி என்னைப் பாக்குது, அவ்வளவுதானே" என்றார். அதற்குப் பிறகு லேசர் சிகிச்சையும் நடந்தது. "இது இருக்கறதைக் காப்பாத்தத்தான். போனதெல்லாம் திரும்பி வரும்னு நெனைக்காதீங்க" என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார். சர்க்கரையையும் ஒரேயடியாக இறக்காமல் படிப்படியாக இறக்கச் சொன்னார்கள். திடீரென்று இறக்கினால் சிலருக்கு முதலில் கண் நோய் கொஞ்சம் கூடுவதுண்டாம்.

இப்போது ஹெச்பிஏ1சி 7.6. பாதாம் அல்வா வருவதில்லை. டெஸ்டுக்கு நாலு நாள் முன்பு என்று இல்லாமல் தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறார். வலது கண் நன்றாக இருக்கிறது. இடது கண்ணில் கோடு இன்னும் லேசாக வளைகிறது. ஊசிக் காது தெரிவதில்லை. அந்தப் பதினாலு மாதத்தில் போயிருந்தால் வளையாமலே இருந்திருக்குமா? அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகாது.

தினமும் காலையில் கிளம்புவதற்கு முன் பத்து ஊசியில் நூல் கோத்து, ஒரு துணி உருண்டையில் குத்தி அப்பாவின் டிபன் பைக்குள் வைத்துவிடுகிறேன். சிவப்பு, பச்சை, மெரூன், கறுப்பு என்று அன்றைக்கு என்ன ஜாக்கெட்டோ அதற்குத் தக்க நிறம். நாலு நிமிஷ வேலை. அப்பா ஒரு நாளும் அந்தச் சீட்டைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. நானாக ஒருநாள் சொன்னேன். "அப்பா, எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியல. தெரியாதுன்னு சொல்லாம விட்டுட்டேன்."

அப்பா மிஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொண்டே, "தெரியாததை யாருகிட்டயாச்சும் கேட்டுருக்கலாம்ல? சரி விடு. இனிமே கேளு" என்றார். அவ்வளவுதான்.

நண்பர்களே! 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடி 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நம் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். இந்த மலரைப் படித்து முடித்ததும் வீட்டில் அந்த பில் குத்தும் கம்பியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அப்பாவிடமோ அம்மாவிடமோ இரண்டே கேள்வி கேளுங்கள். "மூணு மாச சுகர் டெஸ்ட் எவ்வளவு?" "கண்ணுல சொட்டு மருந்து விட்டு உள்ள பாத்து எத்தனை மாசம் ஆச்சு?" முதல் கேள்விக்கு நல்ல பதில் வந்தாலும் இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் வேலை கெடும், உண்மைதான். கெடட்டும்.

நாமெல்லாம் 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கக் கற்றுக் கொண்டவர்கள். வீட்டில் இருக்கிற ஒரு சீட்டை அர்த்தம் கேட்டுப் படிக்கக் கற்றுக் கொள்வது அதைவிடக் கஷ்டமில்லை. எனக்குத்தான் அது கொஞ்சம் தாமதமாக வந்தது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.